பழைய ஜீப்பும் பஞ்சிகாவத்தையும்

கொழும்பிலே நமது பெண்களுக்கு நன்கு பழக்கமான இடங்கள் இரண்டு. ஒன்று வெள்ளவத்தை, மற்றது கொட்டாஞ்சேனை. யுத்த காலத்தில் கடவுச்சீட்டு எடுக்கவும், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருக்கவும், பிடிபட்ட பிள்ளையைத் தேடவும் வந்தவர்கள் இங்குள்ள லொட்ஜுகளில்தான் தங்கினார்கள். 2007 யூன் 7ஆம் திகதி விடியற்காலையில் அந்த லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அந்த விடியலை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை.

இன்று அதே வீதிகளுக்கு வேறு அலுவல்களாகவும் வருகிறோம். அவற்றில் ஒன்று, பழைய வாகனத்துக்குச் சாமான் வாங்குவது.

பஜிரோ, மொன்ரெறோ, பிராடோ, ட்ரூப்பர் என்று பெயர்கள் வேறாக இருந்தாலும் நம் ஊரில் எல்லாமே ஜீப்தான். யுத்த காலத்திலும், 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னரும் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை ஜீப்புகள் நமது வீதிகளில் ஓடித் திரிந்ததை நினைவிருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது, அதுவும் பெரிய வரியோடு. ஆகவே இருபது, இருபத்தைந்து வயதான ஜீப்பைக் கட்டிக் காப்பாற்றி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. கணவனை இழந்த பெண்கள் சிலருக்கு ஹயருக்கு ஓடும் அந்த ஜீப்பே சீவனோபாயம்.

அந்த ஜீப்பை ஒரே நாளில் கொல்லக்கூடியது சூடு. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும், ஹெட் காஸ்கற் போய்விடும். பிறகு அது சின்னச் செலவல்ல, கடன்.

காலி வீதியும் ஏ9 வீதியும்

பின்னேரம் வெள்ளவத்தைக் காலி வீதியில் நின்று பாருங்கள். சேலைக் கடைகளின் வெளிச்சம், மரக்கறிக் கூடைகள், பெட்டி படுக்கையோடு யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சனம். வாகனங்கள் ஊர்ந்து ஊர்ந்துதான் போகும். இப்படி ஊரும்போது றேடியேற்றருக்குள் தானாகக் காற்று வராது. விசிறிதான் இழுக்க வேண்டும். ஏ9 வீதியில் வவுனியா தாண்டி ஓடும்போது காற்றுத் தாராளம். ஆனால் எஞ்சினின் உழைப்பும் அதிகம், அதனால் தண்ணீர் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

இதிலேயே ஒரு நல்ல பரிசோதனை இருக்கிறது. கொழும்பு நெரிசலில் மட்டும் சூட்டு முள் ஏறினால் முதலில் விசிறியைச் சந்தேகியுங்கள். பழைய ஜீப்புகளில் விசிறியின் நடுவே எண்ணெய் அடைத்த ஒரு கிளச் இருக்கும். எஞ்சினை நிறுத்தி, ஆறிய பிறகு விசிறியைக் கையால் சுற்றினால் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். காற்றாடி போலச் சுழன்றால் கிளச் போய்விட்டது. நெரிசலில் சரியாக இருந்து, நீண்ட ஓட்டத்தில் மட்டும் சூடேறினால் றேடியேற்றர் அடைபட்டிருக்கலாம், அல்லது தண்ணீர்ப் பம்ப் பழுதாகியிருக்கலாம்.

வெள்ளவத்தைக் கடற்கரை ஒழுங்கைகளில் நிறுத்தும் வாகனங்களுக்கு இன்னொரு கரைச்சல், உப்புக் காற்று. றேடியேற்றரின் மெல்லிய தகடுகளை அது அரித்துவிடும். பூச்சியும் தூசும் அதில் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் ஆறியிருக்கும்போது உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும்.

பஞ்சிகாவத்தையில்

வெள்ளவத்தையிலிருந்து மருதானைப் பக்கம் வந்தால் பஞ்சிகாவத்தை. வீதியின் இரு பக்கமும் உதிரிப்பாகக் கடைகள். யப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின்கள், கதவுகள், விளக்குகள், றேடியேற்றர்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். வாகனத்தை இங்கே நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வந்து அதன் சாமானையே காசு கொடுத்து வாங்க வேண்டிவரும் என்று கொழும்பில் ஒரு பகிடி உண்டு.

கடைக்காரரில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் இருக்கிறார்கள். வாங்க வரும் பெண்கள்தான் குறைவு. அதற்காகத் தயங்க வேண்டாம். பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள சசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் எழுதி வைத்திருங்கள். இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். ஒறிஜினலா, டூப்ளிக்கேற்றா, பாவித்ததா என்று கேட்டு அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஹோஸ், பெல்ற், றேடியேற்றர் மூடி ஆகியவற்றைப் பாவித்ததாக வாங்கவே வேண்டாம். மூடி சின்னச் சாமான்தான். ஆனால் அதன் ஸ்பிறிங்தான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து, 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீரை 120 பாகை அளவு வரை கொதிக்காமல் வைத்திருக்கிறது.

“எந்த ஊர்த் தண்ணி?”

அங்கிருந்து ஆமர் வீதியைக் கடந்தால் கொட்டாஞ்சேனை. சென். லூசியாஸ் பேராலயத்தின் கோபுரம், பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் மண்டபம், நெருக்கமான ஒழுங்கைகள். அப்படியொரு ஒழுங்கைக்குள் றேடியேற்றர் ஒட்டும் சிறு பட்டறை ஒன்றில் வலிகாமத்து அக்கா ஒருவரைச் சந்தித்தேன். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு நோயாளி ஒருவரை ஏற்றி வந்த அவருடைய ஜீப் வழியில் கொதித்துவிட்டதாம்.

பட்டறைக்காரர் வயதானவர். செம்பு றேடியேற்றரின் மேல் தொட்டியை ஈயம் உருக்கிக் கழற்றினார். உள்ளே குழாய் வாய்கள் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருந்தன.

“எந்த ஊர்த் தண்ணி பிள்ளை விட்டனீங்கள்?”

“வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் ஐயா.”

“அதுதான். உங்கட கேத்திலுக்குள்ள படியிறது இதுக்குள்ளயும் படியும்.”

யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக் கல். குடிக்கிற கிணற்று நீரே என்றாலும் றேடியேற்றருக்கு அது ஆகாது. வடித்த நீரும் கூலன்றும் சரிபாதி கலந்து விட வேண்டும். சாதாரண கூலன்றை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு விதக் கூலன்றைக் கலக்கக் கூடாது. ஒரு முக்கிய விடயம்: கூலன்ற் இனிக்கும், ஆனால் நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள்.

பெரியவர் ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தட்டைக் கம்பி விட்டு அடைப்பெடுத்தார். தொட்டியை மறுபடி ஒட்டி, தண்ணீரில் அமிழ்த்தி, காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். செம்பு என்றபடியால் இது முடிந்தது. பிளாஸ்ரிக் தொட்டி வெடித்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஊரில் ஒரு கராஜில் அக்காவின் ஜீப்பிலிருந்த தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்திருந்தார்கள். “இது குளிர் நாட்டுக்குத்தான் தேவை” என்றார்களாம். அது பிழை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராவிட்டால் எரிபொருள் கூடப் போகும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியால் சுற்றி இன்னும் கொதிக்கும். புதியது வாங்கிப் போடும்படி பெரியவர் சொல்லி அனுப்பினார்.

வீட்டிலே நீங்கள் பார்க்க வேண்டியவை

காலையில் ஸ்ரார்ட் பண்ணமுன் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். ஹோஸை அமுக்கிப் பாருங்கள். பிசுபிசுத்தால், வீங்கினால், வெடித்திருந்தால் மாற்றுங்கள். வாகனத்தின் கீழே நிலம் நனைந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். எண்ணெய் மூடியின் உட்புறம் பால்தேநீர் நிறத்தில் இருந்தாலும், தண்ணீர் காரணமின்றிக் குறைந்துகொண்டே போனாலும், ஹெட் காஸ்கற்றைப் பரிசோதிக்கும்வரை தூர ஹயர் எடுக்காதீர்கள்.

ஓடும்போது முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். மூடியை உடனே திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும். குறைந்தது அரை மணித்தியாலம், தொட்டால் சுடாத அளவுக்கு ஆறும்வரை பொறுங்கள். பச்சைத் தண்ணீரைச் சூடான எஞ்சினில் ஊற்றவும் வேண்டாம், ஹெட் வெடிக்கும்.

அடுத்த முறை கராஜுக்குச் சாரதியை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாகனம் உங்களுடையது, அதைக் கேட்கும் உரிமையும் உங்களுடையது.