குகையில் பிறந்த சொல்

கோணல்மாணலான, பார்த்தவுடன் முகம் சுளிக்க வைக்கும் எதையும் ஆங்கிலத்தில் ‘குரோட்டெஸ்க்’ என்கிறார்கள். தமிழில் ‘விகாரம்’ எனலாம். ஆனால், இந்தச் சொல் பிறந்தபோது அது வசை இல்லை. அழகைக் கண்டு வாய் பிளந்தவர்கள் வைத்த பெயர்!

கதை ரோமில் தொடங்குகிறது. கி.பி. 64-ல் நகரின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. எரிந்த நிலத்தில் பேரரசன் நீரோ தனக்கொரு பொன் மாளிகை எழுப்பினான். அதில் ஓவியம் தீட்டியவர் ஃபாமுலஸ். சாரத்தின் மேல் நின்று வரையும்போதும் கௌரவத்துக்குரிய ‘டோகா’ உடையைக் கழற்றாதவர். அவருடைய கலைக்கு அந்த மாளிகையே சிறையாகிவிட்டது என்று எழுதினார், அதே காலத்து அறிஞர் பிளினி.

68-ல் நீரோ தற்கொலை செய்துகொண்டான். அவன் நினைவையே அழிக்க விரும்பினார்கள் பின்வந்தவர்கள். பேரரசர் டிராஜன் காலத்தில் அறைகளுக்குள் மண்ணைக் கொட்டி நிரப்பி, மேலே பொதுக் குளியல் கூடம் கட்டினார்கள். ஓவியங்கள் மண்ணுக்குள் போயின.

சுமார் 1,400 ஆண்டுகள் கழித்து, 1480 வாக்கில் ஒரு துளை திறந்தது. ஓவியர்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். கூரைக்குச் சற்றுக் கீழே வரை மண். தவழ்ந்துதான் போக வேண்டும். தீப்பந்த வெளிச்சத்தில் கூரை முழுக்க அதிசயம்! கொடியிலிருந்து முளைக்கும் மனிதன், சிறகுள்ள விலங்கு, மெல்லிய தண்டின் மேல் நிற்கும் மண்டபம். சிலர் தங்கள் பெயரை அங்கேயே கீறிவிட்டு வந்தார்கள்.

அதை மாளிகை என்று அவர்கள் நினைக்கவில்லை; குகை போலத்தான் தோன்றியது. இத்தாலிய மொழியில் குகைக்கு ‘குரோட்டா’. எனவே அந்தப் பாணி ‘குரோட்டெஸ்கா’ ஆனது. ரஃபேலும் அவருடைய சீடர்களும் வாட்டிகன் மாளிகையின் தாழ்வாரங்களையே அந்தப் பாணியில் அலங்கரித்தார்கள்.

பிறகு சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மனிதனும் மிருகமும் செடியும் கலந்த உருவங்கள் சிலருக்கு ஒழுங்கின்மையாகப் பட்டன. ‘கற்பனை’ என்ற பொருள் ‘விசித்திரம்’ ஆகி, ‘கேலிக்குரியது’ ஆகி, கடைசியில் ‘அருவருப்பு’ ஆனது. ஓவியத்தைச் சொன்ன வார்த்தை, மனிதர்களின் முகத்தையும் உடலையும் குத்திக்காட்டவும் பயன்பட்டது.

குகை என்று நினைத்த இடம் குகையே அல்ல. அழகாகப் பார்க்கப்பட்டது அருவருப்பாகவும் ஆகிவிட்டது. அந்த ஓவியங்களில் எதுவும் மாறவில்லை. பார்த்தவர்களின் கண்தான் மாறியது. ஒரு முகத்தைப் பார்த்து இந்தச் சொல்லை உதிர்க்கும் முன், தீப்பந்தத்தோடு தவழ்ந்துபோய் அண்ணாந்து பார்த்த அந்த ஓவியர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.