எடைக்குக் கொடுக்கும் காசு

வீட்டுச் சமையலறையில் பத்து வருஷத்தில் தேய்வது மெஸ் அடுப்படியில் ஒரே வருஷத்தில் தேய்ந்துவிடும். காலையில் இட்லி, தோசை; மதியம் சாப்பாடு; ராத்திரி மறுபடியும் டிபன். எந்தக் கைப்பிடி முதலில் ஆடும், எந்தப் பாத்திரம் அடிப்பிடிக்கும், எந்த மோட்டார் எப்போது புகையும் என்பதெல்லாம் மெஸ் நடத்துகிற எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, எங்களிடம் சாப்பிட்ட பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வரும்போது தவறாமல் கேட்கிறார்கள்: "அக்கா, தனிக்குடித்தனம் போறோம். எதுல செலவு பண்ணலாம், எதுல கையப் பிடிக்கலாம்?" பரிமாறிக்கொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

கூடுதலாகக் கொடுக்கும் காசு இரண்டு விஷயங்களுக்குப் போகிறதென்றால் தாராளமாகக் கொடுங்கள். ஒன்று, எடை. இன்னொன்று, பல வருஷம் கழித்தும் கிடைக்கக்கூடிய உதிரிபாகம். நிறத்துக்கும் அட்டைப்பெட்டிக்கும் விளம்பரத்தில் சிரிக்கும் முகத்துக்கும் போகிற காசு வேண்டாம்.

எடை என்ன வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தோசைக்கல் முன்னால் நில்லுங்கள். மாவில் பெரும்பங்கு தண்ணீர். காய்ந்த கல்லில் ஒரு கரண்டி ஊற்றியதும் அந்தத் தண்ணீர் கல்லின் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகத் தொடங்கும். கல் மெல்லிய தகடாக இருந்தால், மாவு விழுந்த இடம் உடனே சூடு இறங்கிப்போகும். தோசை வெளுத்து, சவசவவென்று வரும். தீயைக் கூட்டினால் நடுவில் கருகும், ஓரம் வேகாது. கனத்த வார்ப்பிரும்புக் கல் அப்படியில்லை. தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் சூட்டை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும். காய நேரம் எடுக்கும். காய்ந்துவிட்டால் வரிசையாக எத்தனை தோசை வார்த்தாலும் ஒரே நிறத்தில் முறுகும். பன்னிரண்டு அங்குலக் கல் இரண்டரை, மூன்று கிலோ இருந்தால் நல்லது. ஒரு கையால் தூக்க முடியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். தோசைக்கல்லைத் தூக்கி ஆட்ட வேண்டிய வேலை எதுவும் இல்லை.

வாங்கும்போது கடையின் தரையில் வைத்து விரலால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். ஆடினால் அடி சமமாக இல்லை. முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் செத்துக் கேட்டால் எங்கேயோ விரிசல் ஓடியிருக்கும். மேற்பரப்பைக் கையால் தடவினால் லேசான சொரசொரப்பு இருக்கும். அது பழகப் பழகப் போய்விடும்.

பழக்குவதுதான் இதில் முக்கியம். புதுக்கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சோறு வடித்த கஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறப் போட்டு, தினமும் கஞ்சியை மாற்றித் தேய்த்தால் கறுப்புத் தூள் இறங்கும். பிறகு ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி, சிறு தீயில் வைத்து, பாதியாய் நறுக்கிய வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திக்கொண்டு வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். புகை எழுந்து அடங்கும்; மறுபடி எண்ணெய், மறுபடி வெங்காயம். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு சூட்டில் இறுகி, இரும்போடு ஒட்டிய படலமாகிவிடுகிறது. அந்தப் படலம்தான் தோசையை ஒட்டாமல் எடுத்துத் தருகிறது. சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம். எண்ணெயில்லாத வறட்டுச் சூட்டில் படலம் எரிந்துபோகும். சூடான கல்லைக் குழாயடியில் காட்டவே கூடாது, வார்ப்பிரும்பு விண்டுவிடும்.

நான்ஸ்டிக் தவா வாங்கலாமா என்பார்கள். வாங்கலாம், ஆனால் விலை உயர்ந்ததாக வாங்காதீர்கள். அதன் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்து மறந்தால் அந்தச் சூடு சில நிமிஷத்தில் வந்துவிடும். எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் சில வருஷத்தில் தூக்கிப் போட வேண்டிய பொருளுக்கு எதற்கு அதிகக் காசு?

அடுத்தது கிரைண்டர். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். இரண்டு பேர்தானே, மிக்ஸியில் அரைத்துக்கொள்கிறோம், மாவுதான் கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறதே என்கிறார்கள். மிக்ஸியின் பிளேடு நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். உளுந்தை வெட்டும், வெட்டும்போதே சூடாக்கும். கிரைண்டரில் குழவியும் அடிக்கல்லும் மெதுவாக உரசி, உளுந்தை நசுக்கி, மடித்து மடித்துக் காற்றை உள்ளே ஏற்றும். குளிர்ந்த தண்ணீரைக் கை கையாகத் தெளித்து முப்பது, நாற்பது நிமிஷம் அரைத்த உளுந்தை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மிதக்கும். மிதந்தால் எடுக்கலாம், மூழ்கினால் இன்னும் ஓடட்டும். உளுந்தின் வழவழப்புதான், மாவு புளிக்கும்போது நுண்ணுயிர்கள் விடும் வாயுவைப் பிடித்து வைக்கிறது. அந்த வாயு தப்பிவிட்டால் இட்லி தட்டையாகிவிடும். அதே அளவு உளுந்துக்குக் கிரைண்டரில் மாவு கூடுதலாகக் காணும் என்பதை ஒருமுறை அரைத்துப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

ஆட்டுக்கல்லில் கையால் குழவி சுற்றிய தோள்களுக்கு விடுதலை கொடுத்த ஊர் கோயம்புத்தூர். 1955-இல் பி. சபாபதி அங்கே மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைக் கொண்டுவந்தார். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்லில் செய்த கல் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். வாங்கும்போது பாத்திரத்தின் நிறத்தை விட்டுவிட்டு, குழவியைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக, அடிக்கல்லில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். பெல்ட், வழிப்பான், குழவிக்குள் இருக்கும் புஷ் மூன்றும் தேயும் பாகங்கள். அவை உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கொஞ்சம் அரிசியைத் தண்ணீர் விட்டு அரைத்துக் கொட்டிவிடுங்கள். கல்தூள் அதில் போய்விடும். வெறும் கல்லை ஓட விடாதீர்கள்.

உதிரிபாகம் என்றதும் மிக்ஸியைச் சொல்லியாக வேண்டும். அடியில் ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர் என்றொரு சின்னச் சக்கரம் உண்டு. தேங்காய்ச் சில்லு சிக்கி ஜார் நின்றுபோனால், மோட்டார் கருகுவதற்குப் பதில் அது உடைந்து கொடுக்கும். தன்னைக் கொடுத்து மோட்டாரைக் காப்பாற்றுவதற்கென்றே அதை வைத்திருக்கிறார்கள். சிறு தொகையில் மாற்றிவிடலாம், கடையில் கிடைத்தால். கிடைக்காத கம்பெனி மிக்ஸி பாதி விலைக்கு வந்தாலும் நஷ்டம்தான். குக்கருக்கும் இதே கணக்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். உள்ளே 120 டிகிரியை ஒட்டிய சூடும், வெளிக்காற்றைப் போல் இரண்டு மடங்கு அழுத்தமும் இருக்கும் பாத்திரம் அது. கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் அந்தந்தக் கம்பெனியுடையதாகவே போடுங்கள்.

எவர்சில்வர் பாத்திரத்துக்குக் காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் பலர். அது முழுச் சோதனை அல்ல. 304 ரக ஸ்டீலில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்ப்பார்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. முத்திரையையும் ரசீதையும்தான் நம்ப வேண்டும். டம்ளருக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். புளிக்குழம்பு கொதிக்கும் பாத்திரத்துக்கு 304 வாங்குங்கள். அடிப்பிடிக்காமல் இருக்க நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்குக் கடாய் ஒன்று போதும், செட்டாக வேண்டாம். கல்லுப்பை எந்த ஸ்டீலிலும் வைக்காதீர்கள், புள்ளிபுள்ளியாக அரிக்கும். பீங்கான் ஜாடி மலிவு.

மலிவாக வாங்கினால் ஆபத்து என்று நான் அடித்துச் சொல்வது ஈயச் சொம்பு. ரசத்துக்கு அந்த வாசனையும் ருசியும் வேறெதிலும் வராது. எனக்கு அதில் வைத்த ரசம்தான் ரசம். அது வெள்ளீயத்தில் செய்தது, 232 டிகிரியில் உருகிவிடும். அதனால் தண்ணீரோ புளிக்கரைசலோ ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும், சிறு தீயில். ஆனால் வெள்ளீயம் விலை அதிகம். காரீயம் மலிவு; காரீயம் விஷம், புளிப்பில் கரையும். கலப்படம் கண்ணுக்குத் தெரியாது. தலைமுறையாகப் பெயர் வைத்திருக்கும், பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஸ்டீலிலேயே ரசம் வையுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடமும் வெள்ளீயம்தானா என்று கேட்டே கொடுங்கள். வெண்கலப் பானை மட்டும் யாராவது பரிசாகத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சர்க்கரைப் பொங்கல் அதில் இறங்கும் பதம் தனி. பேரன் பேத்தி காலம் வரைக்கும் இருக்கும். எடைக்குப் போட்டாலும் விலை உண்டு.

இனி, கையைப் பிடிக்க வேண்டியவை. காய் நறுக்கும் மெஷின், சப்பாத்தி மேக்கர், நிறநிறமான டப்பா செட், மசாலா சுழலும் ஸ்டாண்டு. இவற்றில் எதையும் எங்கள் அடுப்படியில் பார்க்க முடியாது. சாணை பிடிக்க இடம் கொடுக்கும் நல்ல கத்தி ஒன்று, அல்லது அம்மா வீட்டு அரிவாள்மனை போதும். கண்ணாடி பாட்டில் மறுபடி மறுபடி உதவும். சீர்வரிசை கொடுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ஐம்பத்தோரு பீஸ் டின்னர் செட்டை விட்டுவிட்டு, ஒரு கிரைண்டரும் ஒரு கல்லும் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன பெரிய சாமான்கள் எல்லாவற்றையும்விட விலை குறைந்தது, அடுப்பையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய். பத்தாயிரம் ரூபாய்க்குக் கண்ணாடி அடுப்பு வாங்கியவர்கள்கூட இதைத் தெருமுனைக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கி மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேஸ் ஏஜென்சியில் கிடைக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாய்க்கு உள்ளே கம்பி வலை இருக்கும். எலி கடித்தாலும் சட்டென்று ஓட்டை விழாது. அதற்கு ஆயுள் 5 வருஷம். தயாரித்த காலம் குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும். இன்றைக்கே குனிந்து பாருங்கள். 5 வருஷம் தாண்டியிருந்தாலோ, எழுத்து அழிந்து படிக்க முடியாமல் இருந்தாலோ, அடுத்த சிலிண்டர் வரும்வரை காத்திருக்காமல் ஏஜென்சிக்குப் போன் செய்து மாற்றிவிடுங்கள்.