ஒன்னு வரலன்னா

பேக்கரி மாவில் போடும் ஈஸ்ட் நம்மைவிடக் கெட்டிக்காரப் பிராணி. புரதத்துக்கு வேண்டிய இருபது அமினோ அமிலங்களையும் தானே செய்துகொள்ளும். நம்மால் ஒன்பதைச் செய்ய முடியாது. ஆனால் வெளியே கிடைக்கும்வரை அது மெனக்கெடாது. அமிலங்களைச் செய்யும் நொதிகளை அளவோடுதான் வைத்திருக்கும். விசித்திரம் பஞ்சத்தில்தான். ஹிஸ்டிடின் மட்டும் தீர்ந்தால், மற்ற பல அமிலங்களுக்கான நொதிகளையும் கூடவே பெருக்குகிறது.

எது குறைகிறதோ அதை மட்டும் நிரப்பு என்றுதான் என் போன்ற கோடு எழுதுகிறவர்கள் சொல்வோம். ஈஸ்ட் பக்க நியாயம் எனக்கு அம்மா வழியாகத்தான் பிடிபட்டது. 2011 டிசம்பர் 30, தானே புயல். புவனகிரியில் கரண்ட் போனது. மறுநாள் பால் வரவில்லை. அம்மா பாலைப் பற்றிப் பேசவே இல்லை, அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தார். “ஒன்னு வரலன்னா மத்ததும் வராதுடா.”

ஈஸ்ட்டில் இந்த வேலையைப் பார்ப்பது ஜிசிஎன்4 என்ற புரதம். அதற்கான செய்தி, அதாவது எம்ஆர்என்ஏ, வயிறு நிறைந்த நாளிலும் செல்லுக்குள் இருக்கிறது. படிக்கத்தான் முடியாது. முன்னால் நான்கு குட்டிப் போலிச் செய்திகள். ரைபோசோம் முதல் போலியைப் படித்துவிட்டு நகரும். மறுபடி படிக்க அதற்கு ஒரு துணைப்பொருள் வேண்டும். நல்ல காலத்தில் அது சட்டென்று கிடைக்கும், பெரும்பாலும் நான்காவது போலிக்குள்ளேயே. அதைப் படித்ததும் ரைபோசோம் கழன்றுவிடும். பஞ்சத்தில், அமிலம் ஏறாத வெறும் டிஆர்என்ஏக்கள் ஜிசிஎன்2 என்ற நொதியை உசுப்புகின்றன. அது துணைப்பொருளைத் தட்டுப்பாடாக்குகிறது. செல்லில் பொதுவாகவே புரத உற்பத்தி சரிகிறது. ஆனால் அதே தாமதத்தால் ரைபோசோம் நான்காவது போலியைத் தாண்டி ஓடி, உண்மையான செய்தியின் தொடக்கத்தில் போய் நிற்கிறது. தனியாக ஒரு ஸ்விட்சே கிடையாது. எல்லாம் மந்தமாவதுதான் ஸ்விட்ச்! இப்படி எழுதிக் கொடுத்தால் எந்த டீம் லீடும் கோடு ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவார்.

இதை அவிழ்த்ததில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆலன் ஹின்னபுஷ்ஷுக்குப் பெரும் பங்கு. 2001இல் அவர் குழுவின் ஆய்வுக்கட்டுரை ஒன்றுக்கு முதல் ஆசிரியர் கே. நடராஜன், பின்னாளில் தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர். களைக்கொல்லியாகவும் பயன்பட்ட ஒரு வேதிப்பொருளால் ஈஸ்ட்டுக்கு ஹிஸ்டிடின் பஞ்சத்தை உண்டாக்கி, எந்தெந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று எண்ணினார்கள். ஜிசிஎன்4ஐ நம்பி விழித்தவை ஐந்நூறுக்கும் மேல். ஈஸ்ட்டின் மொத்த மரபணுக்களே ஏறத்தாழ ஆறாயிரம்தான்.

நம் செல்களிலும் ஜிசிஎன்2 உண்டு. ஜிசிஎன்4இன் இடத்தில் ஏடிஎஃப்4, அதற்கும் முன்னால் போலிச் செய்திகள். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு அஸ்பராஜினேஸ் என்ற மருந்து கொடுக்கிறார்கள். ரத்தத்திலிருக்கும் அஸ்பராஜினை அது அழித்துவிடும். அதைத் தானே போதுமான அளவு செய்யத் தெரியாத புற்றுசெல் பட்டினியில் சாகும். சில செல்கள் சாவதில்லை. பட்டினியை உணர்ந்து, இதே வழியில் ஏடிஎஃப்4ஐ எழுப்பி, அஸ்பராஜினைத் தாமே செய்யத் தொடங்கிவிடுகின்றன.