திரைக்கு வெளியே இரண்டு பாதங்கள்

அத்தைக்குத் தையல் பிரிக்க வேண்டும் என்று காலை எட்டரைக்கே அரசு மருத்துவமனைக்கு வந்துவிட்டோம். சர்ஜரி ஓபியில் எங்களுக்குக் கிடைத்த பெஞ்சுக்கு நேர் எதிரே ஒரு பச்சைத் திரை. அதன் அகலம் போதவில்லை. உள்ளே படுக்கிறவரின் பாதங்கள் இரண்டும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தன, பேச்சும் கேட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது? இன்னும் இரண்டு முழம் துணி சேர்த்துத் தைத்திருக்கலாம். வலியோடு வருகிறவருக்கு அந்த மறைப்பும் மருந்துதான்.

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறாராம். இடம் இருந்தும் உட்காரவில்லை. ஓபி சீட்டை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மடிப்பு விழுந்த இடத்தில் காகிதம் நைந்துவிட்டது.

"என்னண்ணே பண்ணுது?" என்று சிஸ்டர் கேட்டார்.

"உஷ்ணம்."

சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளிக்கி போகையில ரத்தம் வருதா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பின்னால் நின்ற மனைவி சொன்னார்: "நாலு மாசமா வருதாம் சிஸ்டர். எங்கிட்டயே போன வாரந்தான் சொன்னாரு."

பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் மூலம், பௌத்திரம் என்று ஆள் உயர எழுத்தில் விளம்பரம் இருக்கிறது. நோய் வந்தவருக்கோ அந்தச் சொல் தொண்டையைத் தாண்டி வருவதில்லை.

உள்ளே இருந்த டாக்டர் இளம்பெண். காக்கிச் சட்டைக்காரர் தயங்கியதைச் சிஸ்டர் பார்த்துவிட்டார். "சார் பதினோரு மணிக்கு மேல வருவாரு. அவரைத்தான் பாக்கணும்னா இருந்து பாருங்க, தப்பில்ல."

கொஞ்சம் யோசித்தார். "பரவால்ல, இப்பவே பாத்துருங்க. மயக்க ஊசி போடுவாங்களா?"

"வேணாம்ணே. ரெண்டு மூணு நிமிசம்."

"நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல."

"யாரு சொன்னா பட்டினி கெடக்க? இதுக்கு வேண்டியதில்ல. காலையில வெளிக்கி போயாச்சுல்ல, அது போதும்."

சில இடங்களில் முன்னதாக எனிமா கொடுப்பதுண்டு. இங்கே கொடுக்கவில்லை.

ஆசனவாயின் உள்ளே பார்க்க டிராலியில் வைத்திருந்த குழாயை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். புராக்டோஸ்கோப் என்ற பெயரைக் கேட்டால் ஏதோ நீளக் கம்பி போலத் தோன்றும். இருந்ததோ கட்டை விரலைவிடச் சற்றுத் தடித்த ஒரு ஸ்டீல் குழாய். நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர், என் நாலு விரல்கடைக்குக் கொஞ்சம் கூட. முனை உறுத்தாமல் இருக்க உள்ளே மழுங்கிய கோல் ஒன்று செருகியிருக்கிறது. குழாய் உள்ளே போனதும் கோலை உருவிவிட்டு, வெளிச்சம் பிடித்து உட்சுவரைப் பார்க்கிறார்கள்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. முழங்காலை வயித்தோட மடக்கிக்கங்க. ரத்தம் இளக்குற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?"

"இல்லம்மா."

"முதல்ல விரல் வச்சுப் பாப்பேன். ஜெல்லி ஜில்லுன்னு இருக்கும். வலிச்சா உடனே சொல்லுங்க, நிறுத்திருவேன்."

திரைக்கு வெளியே பாதங்கள். குதிகால் வெடிப்பில் கிரீஸ் கறை. பத்து விரல்களும் உள்ளங்கையை மூடுவது போல மடங்கின.

"இப்ப குழாய். வாயால மூச்சு விடுங்க. வெளிக்கி வர்ற மாதிரி இருக்கும், வராது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்... லேசா முக்குங்க... ஆங், போதும்."

ஒவ்வொரு விரலாகப் பிரிந்தது, சுண்டுவிரல் கடைசியில்.

"உள்மூலம்தாண்ணே. ஆபரேஷன் அளவுக்கு இல்ல. தேவைப்பட்டா பின்னால ரப்பர் வளையம் போட்டுக்கலாம். கீரை, பழம், தண்ணி நிறைய எடுத்துக்கங்க. கக்கூஸ்ல உக்காந்து முக்காதீங்க. இன்னிக்குப் போகையில லேசா ரத்தம் பட்டா பயப்பட வேணாம். நிக்காம வந்தா, கட்டி கட்டியா வந்தா உடனே வந்துரணும்."

அடுத்து ஒரு கல்லூரிப் பையன். டாக்டர் தொட்டதுமே பாதங்கள் துள்ளின. "வெடிப்பு இருக்குப்பா. இன்னிக்குக் குழாய் வேணாம்" என்று அத்தோடு விட்டுவிட்டார். களிம்பு எழுதினார், வெந்நீரில் உட்காரச் சொன்னார், புண் ஆறியதும் வரச் சொன்னார். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் கை நின்றுவிடும் என்பதை அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

பிறகு மகளோடு வந்த பாட்டி. எட்டு மாதமாக மூலம் என்று தானே முடிவு செய்து துத்திக்கீரையும் கருணைக்கிழங்குமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். சேலையை முழுக்க அவிழ்க்க வேண்டுமோ என்று மகள் பதறினாள். ஒரு போர்வையைக் கொடுத்து, பின்பக்கம் மட்டும் விலக்கினால் போதும் என்றார் சிஸ்டர். மெட்டி தேய்ந்த அந்தப் பாதங்கள் கடைசிவரை அசையவே இல்லை. அந்த அசைவின்மை எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டுப் பாட்டியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"மூலம் கொஞ்சமாத்தான் இருக்கு பாட்டி. இவ்வளவு ரத்தத்துக்கு அது மட்டுந்தான் காரணமான்னு பாக்கணும். இந்தக் குழாய் வாசப்படி வரைக்குந்தான் பாக்கும். வீட்டுக்குள்ள பாக்க வேற குழாய் இருக்கு, கொலனோஸ்கோபின்னு. அதுக்கு முந்தின நாள் பேதி மருந்து குடிச்சு வயித்தச் சுத்தம் பண்ணிட்டு வரணும்."

"புத்தா இருக்குமா தாயி?" என்றார் பாட்டி. புற்றைத்தான் கேட்டார்.

"பாக்காம எதுவும் சொல்லக் கூடாது. அதனாலதான் பாத்துருவோம்னு சொல்றேன். தள்ளிப் போட மட்டும் செய்யாதீங்க."

மகள் தேதியை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். காக்கிச் சட்டைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். பாட்டியைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார். பாட்டி சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் வைத்து, வாயை இறுக்கிச் சுருக்கினார்.

அத்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள்.