மூன்றில் ஒரு பங்கு

எங்கள் வீட்டு இரும்பு கேட்டை அப்பா இதுவரை இரண்டு முறை வெட்டியிருக்கிறார்.

1994ல் வீடு கட்டியபோது வாசலில் மூன்று படிகள் இருந்தன. தெரு அப்போது வெறும் செம்மண். 1998ல் ஜல்லி கொட்டி உருட்டினார்கள். 2006ல் தார் போட்டார்கள். 2013ல் அந்தத் தாரின் மேலேயே இன்னொரு தார். ரோடு ஏற ஏற வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. கேட் ரோட்டில் உரசித் திறக்காமல் போனதும் அப்பா வெல்டரை வரச்சொல்லி அடிப்பட்டையை வெட்டி மேலே ஏற்றி வைப்பார். ஒரு தடவை முற்றத்துக்கு மண்ணடித்து உயர்த்தினார். மூன்று படியில் இப்போது மிச்சம் ஒன்று. அதுவும் அரைப் படிதான். ஐப்பசி மழை ஒரு மணி நேரம் பிடித்தால் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் முற்றத்துக்கு வந்துவிடும். அம்மா ஃப்ரிட்ஜை நான்கு செங்கல் மேல் ஏற்றி வைத்து எத்தனையோ வருடமாகிறது.

ஊர்ப் பெயர் வேண்டாம். மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நான் பள்ளிக்கூடம் போனபோது பேரூராட்சி, இப்போது நகராட்சி. எங்கள் தெரு இருக்கும் இடம் அப்போது பக்கத்துப் பஞ்சாயத்தின் சோளக்காடு. ஒருவர் காட்டைத் துண்டு போட்டு விற்றார், தலைவர் கையெழுத்தில் 'அப்ரூவல்' ஆனது, 23 அடி ரோடு என்று பத்திரத்தில் எழுதினார்கள். தமிழ்நாட்டில் வளரும் ஊர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்தன. முதலில் மனை, அப்புறம் வீடு, அப்புறம் கரண்ட், எல்லாம் முடிந்தபிறகு திட்டம். 2016ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்து, 2017ல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்த பிறகுதான் எங்கள் தெரு காகிதத்தில் ஒரு தெருவானது. அதற்குள் அதில் 46 வீடுகள்.

கொரோனாவுக்குப் பிறகு நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். 2023ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோவில் வாசலில் தெருக்காரர்கள் கூடினார்கள். குடிநீர்க் குழாய்க்கு ஒரு தடவை, பாதாளச் சாக்கடைக்கு ஒரு தடவை என்று தோண்டித் தோண்டி ரோடே இல்லாமல் போயிருந்தது. இரண்டு வேலையும் இரண்டு தனித்தனி நிதியில், இரண்டு தனித்தனி ஒப்பந்தத்தில் வந்தவை. ஒன்று வரும்போது மற்றது வரப்போவது அதற்குத் தெரியாது. நான் வேலை பார்க்கும் இடத்தில் எது முடிந்த பிறகு எது என்ற வரிசை தப்பினால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். இங்கே யாரையும் யாரும் எழுப்புவதில்லை.

'நமக்கு நாமே'யில் எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் வரும் என்றார் கவுன்சிலர். 1997ல் அறிமுகமாகி, இடையில் நின்று, 2021க்குப் பிறகு நகரங்களுக்கும் திரும்பி வந்த திட்டம். மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மிச்சத்தை அரசு போடும். கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்றபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கம்ப்யூட்டர்ல இருக்க தம்பிதான் இருக்கே."

மதிப்பீடு 12 லட்சம். எங்கள் பங்கு 4 லட்சம். வீட்டுக்கு 8,700.

முதல் பணம் கடைசி வீட்டு அக்காவிடமிருந்து வந்தது. தையல் மிஷின் வைத்திருக்கிறார். கணவருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ரோடு கிடக்கும் கிடையில் ஆட்டோக்காரர்கள் தெருவுக்குள் வருவதை நிறுத்திவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து மெயின் ரோடு வரை 180 மீட்டர் நடத்திக் கூட்டிப் போக வேண்டும். குழுக் கடன் எடுத்து 8,700ஐயும் ஒரே தவணையில் கொடுத்துவிட்டு, "ரசீதெல்லாம் வேணாம் தம்பி, எப்ப போடுவாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார். கார் வைத்திருக்கும் மூன்று வீடுகளிடம் வாங்க எனக்கு ஐந்து மாதம் ஆனது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சொந்த வீடு கட்டிவிட்டு வரியும் கட்டுகிறோமே, எதற்கு இன்னொரு தடவை காசு என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2022ல் சொத்து வரியைத் திருத்தியபோது 601 முதல் 1,200 சதுர அடி வரையான வீடுகளுக்கு 50 சதவீதம் ஏற்றினார்கள். எங்கள் வீடும் அதில்தான் வருகிறது. ஆனால் உள்ளாட்சியின் வரவு செலவைப் படித்துப் பார்த்தால் வரிப் பணம் சம்பளம், தெருவிளக்கு, குடிநீர், குப்பை என்று அன்றாடத்திலேயே கரைவது தெரியும். புது ரோடு என்றால் மாநில நிதியோ திட்ட மானியமோ கடனோ வர வேண்டும். கடன் கேட்டால், திருப்பிக் கட்ட என்ன வருமானம் இருக்கிறது என்று கேட்பார்கள்.

மதுரையில் நான் பொறியியல் படித்த நான்கு வருடமும் உள்வட்டச் சாலையில் பஸ்ஸில் போயிருக்கிறேன். மேலூர் சாலையிலிருந்து கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டர். சுங்கச்சாவடியில் பஸ் நிற்கும்போது எரிச்சலாக இருக்கும். அது ஊர் தன் பெயரில் கடன் வாங்கிப் போட்ட ரோடு என்பது அப்போது தெரியாது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் கடன் வாங்கி, பிறகு அந்தக் கடனை அடைக்க 2001ல் மாநகராட்சியே கடன் பத்திரம் வெளியிட்டு 30 கோடி ரூபாய் திரட்டியது. லாரிக்காரர்கள் கட்டிய சுங்கம்தான் ஈடு. ஒரு மாநகராட்சி இப்படித் துணிந்தது எனக்கு இப்போதும் பிடித்த விஷயம். ஆனால் லாரி போகும் ரோட்டில்தான் அது நடக்கும். 46 வீட்டுத் தெருவில் யாரிடம் சுங்கம் வாங்குவது? எங்களிடமேதான். அதற்குப் பெயர்தான் மூன்றில் ஒரு பங்கு.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. எங்களால் 4 லட்சம் திரட்ட முடிந்தது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருக்களால் 40 ஆயிரம்கூட முடியாது. அவர்கள் ரோடு எங்களுடையதைவிட மோசம். மக்கள் பங்களிப்பு என்ற நல்ல வார்த்தைக்குள் கொடுக்க முடிந்தவனுக்கு முதலில் என்ற வரிசையும் இருக்கிறது. நாங்கள் அந்த வரிசையில் முந்திக்கொண்டோம். வருத்தப்பட்டுக்கொண்டேதான் டிடி எடுத்தேன், ஆனால் எடுத்தேன்.

டிடி எடுப்பதற்கு முந்தைய வாரம்தான் மதிப்பீட்டை முழுதாகப் படித்தேன். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கும் மில்லிங் அதில் இல்லை. மழைநீர் வடிகால் இல்லை. அதாவது மறுபடியும் மேலேயே இன்னொரு அடுக்கு. எங்கள் அரைப் படியும் போய்விடும். 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு அதே உயரத்தில்தான் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார். அந்த உத்தரவை அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

ஓவர்சியர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். "மில்லிங் சேத்துடலாம் தம்பி. ஆனா அந்த மிஷின் உங்க தெருவுல திரும்பாது, ஜேசிபிய வெச்சுத்தான் கொத்தணும். வடிகாலும் வேணும்னா எஸ்டிமேட்ட ரிவைஸ் பண்ணணும். 27 லட்சம் வரும். உங்க பங்கு 9 லட்சம். கட்டுவீங்களா? கட்டுனாலும் மறுபடி மேல போயி வரணும். அடுத்த வருசம்தான்."

ஒன்பது லட்சம் என்றால் வீட்டுக்கு ஏறக்குறைய 19,600. அன்றிரவு நான் ஒரு கணக்குப் போட்டேன். வித்தியாசம் 5 லட்சம். என் சேமிப்பில் அது இருந்தது. நானே போட்டுவிட்டால் என்ன? இன்னொரு கணக்கும் மனதில் ஓடியது, அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பொருளாளர் நான்தான். டிடி எடுக்காமல், திருத்திய மதிப்பீடு வரட்டும் என்று சொன்னால் போதும், தெரு காத்திருக்கும். சட்டமும் என் பக்கம். கடைசி வீட்டு அக்கா மட்டும் இன்னொரு வருடம் விடியற்காலையில் நடப்பார்.

அப்பாவிடம் கேட்டேன். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் முக்கால்வாசிக் கம்பம் எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"அஞ்சு லட்சம் நீ போட்டா அப்புறம் அது உன் ரோடுடா. நாளைக்கு எவன் வீட்டு வாசல்ல தண்ணி நின்னாலும் உன்னயத்தான் கேப்பான்."

"அப்ப வடிகால் வர்ற வரைக்கும் நிறுத்திரவா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. எழுந்து கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நமக்கு மழைக்காலத்துலதான் கஷ்டம். அந்தப் பிள்ளைக்கு வாரம் ரெண்டு நாளு. மில்லிங்க மட்டும் எழுதி வாங்கிட்டு வா. கொத்தும்போது நான் நிக்கிறேன்."

உள்ளே அம்மா பாத்திரத்தைச் சத்தமாக வைத்தார். தண்ணீரை வாரிக் கொட்டுவது அப்பா இல்லை, அம்மாதான். அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு அந்தச் சத்தத்தில்தான் உறைத்தது. போய்க் கேட்டேன். "கேட்டுட்டீல்ல, போ" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

2024 தை மாதத்தில் வேலை நடந்தது. ஜேசிபி மூன்று நாள் கொத்தியது. அப்பா தொப்பி போட்டுக்கொண்டு கையில் டேப்புடன் நின்றார். எங்கள் வீட்டிலிருந்து நாலைந்து வீடு தள்ளி அவர் சாப்பிடப் போன நேரத்தில் கொத்தாமலே ஜல்லியை விரித்துவிட்டார்கள். அங்கே மட்டும் ரோடு ஒரு முதுகுபோல் தூக்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் வாசலில் இரண்டு அங்குலம் ஏறியது. கொத்தாமல் விட்டிருந்தால் ஐந்து அங்குலம் ஏறியிருக்கும் என்பது அப்பாவின் கணக்கு. கேட்டை மூன்றாவது முறையாக வெட்ட வேண்டியிருக்கவில்லை, லேசாகத் தேய்த்தது போதும் என்று வெல்டர் சொல்லிவிட்டார்.

இப்போது ஆட்டோ கடைசி வீடு வரை போகிறது. காலை ஐந்து மணிக்கு அந்தச் சத்தத்தில் எனக்கு விழிப்பு வரும். அந்த ஐப்பசியில் முதல் பெருமழைக்கு முற்றத்தில் முழங்கால் தண்ணீர். புது ரோட்டில் தண்ணீர் எங்கேயும் தேங்காமல் நேராக எங்களிடம் வந்தது. ஒரு ஹெச்பி மோட்டார் போட்டு இறைத்தோம். கடைசி வீட்டு அக்கா குடையில்லாமல் வந்து அம்மாவுடன் சேர்ந்து துடைப்பத்தால் தள்ளினார். இருவரும் எங்களைப் பற்றி ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள். என்ன என்று கேட்கவில்லை.

மழைநீர் வடிகாலுக்குத் தனியாக விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். மதிப்பீடு 14 லட்சத்துச் சொச்சம், பங்கு ஏறக்குறைய 4 லட்சத்து 80 ஆயிரம். வடிகால் போட ரோட்டின் இரண்டு ஓரமும் தோண்ட வேண்டும் என்று கேட்டதும் நான்கு வீடுகள் பின்வாங்கிவிட்டன. நேற்றுவரை சேர்ந்தது 2,14,000. இந்தத் தடவை கணக்கு நோட்டை அம்மா வைத்திருக்கிறார்.