சுவரில் மாட்ட ஒரு படம்

கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஏறி வடக்கே போகிறவர்கள், அடையாற்றைத் தாண்டியதும் ஒரு கால்வாயின் கூடவே பயணம் செய்கிறார்கள். மூக்கைப் பொத்திக்கொள்வதைத் தவிர அதற்கு யாரும் வேறு மரியாதை செய்வதில்லை. பக்கிங்காம் கால்வாயின் மற்ற பகுதிகள் பெரும்பாலும் அதற்கு முன்பே வெட்டி முடிந்தவை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் இந்தச் சுமார் 5 மைல் துண்டு மட்டும் 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பஞ்சத்தில் அடிபட்ட சனங்கள்தான் மண் சுமந்தார்கள். நிவாரணச் செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், ஓர் ஆண் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று வகுத்தார். அதைத் தின்றுவிட்டு மனிதன் மண் வெட்ட முடியாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அந்தப் பஞ்சத்தில் 55 லட்சம் பேர் செத்தார்கள் என்பது ஒரு கணக்கு.

அதற்கு ஒரு புகைப்படக்காரரும் இருந்தார். வில்லோபி வாலஸ் ஹூப்பர், மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி. எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் கூட்டி, குடும்பப் படத்துக்கு உட்கார வைக்கிற ஒழுங்கோடு முன்வரிசை பின்வரிசை பிரித்து உட்கார வைத்து எடுத்திருக்கிறார். கண்ணாடித் தகட்டில் படம் பதிந்த காலம் அது. சில விநாடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். பசியில் உட்கார முடியாதவர்களை அசையாமல் இரு என்று சொல்லி எடுத்த படங்கள் அவை. இன்று லண்டன் வெல்கம் தொகுப்பில் அவற்றைப் பார்க்கலாம். ஒருவர் பெயரும் இல்லை. எடுத்து முடித்ததும் சோறோ உதவியோ இல்லாமல் அவர்களை அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் இன்றுவரை நிற்கிறது. பின்னாளில், 1886இல், மாண்டலேயில் துப்பாக்கிக் குண்டு பாயும் கணத்தில் மரண தண்டனைக் கைதிகளைப் படம் எடுக்க முயன்றார் என்று விசாரணையே நடந்தது. மனிதருக்கு அப்படி ஒரு கை.

ஆனாலும் அந்தப் பஞ்சப் படங்கள் இங்கிலாந்துவரை போயின. லண்டனில் திறந்த நிவாரண நிதிக்கு 8 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டு சேர்ந்தது. அதில் படத்துக்கு எவ்வளவு பங்கு, ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி விடாமல் எழுதியதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கருணைக்காக எடுக்கப்படும் படத்தின் சிக்கல் முழுவதும் அன்றே இந்த ஊரில் வந்துவிட்டது என்பது என் எண்ணம். படம் எங்கோ ஒரு கண்ணில் நீர் வரவழைக்கிறது; எடுக்கப்பட்டவர் கையில் ஒன்றும் இல்லை.

இந்த நினைப்போடுதான் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குப் போனேன். காந்தி மண்டபம் சாலையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் கண்ணாடியும் வெளிச்சமுமாக நிற்க, அங்கிருந்து ஆற்றுப் பக்கம் நடந்தால் ஊர் வேறாகிவிடும். அங்கே பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர் கல்யாண போட்டோகிராபர். அவர் பெயரைப் போட வேண்டாம் என்றார். “தம்பி” என்றே எழுதுகிறேன். முகூர்த்த நாட்களில் மண்டபம் மண்டபமாக ஓடுகிறவருக்கு ஆடி மாதத்தில் வேலை இல்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு கூட அந்த மாதத்தில் அதிகம் வராது. அந்த ஒரு மாதம் கேமரா போர்டு வீட்டுக்காரர்களுக்கு. காசு கிடையாது.

விடியற்காலையில் வரச் சொன்னார். வேலைக்குக் கிளம்பும் தூய்மைப் பணியாளர்கள் டீக்கடையில் கூடும் நேரம். பேட்டரி வண்டிகள் வரிசை கட்டி நின்றன. தம்பி தோளில் கேமராப் பை இருந்தது, ஆனால் ஜிப்பைத் திறக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தார், ஒரு அக்காவின் மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாளா என்று விசாரித்தார்.

“இன்னா தம்பி, மிஷின எடுக்கலையா?”

“இல்லக்கா, இன்னிக்குச் சும்மாதான் வந்தேன்.”

எனக்கு ஏமாற்றம்தான். பத்திரிகைக்காரப் புத்திக்கு அந்தக் காலை வெளிச்சமும் துடைப்பக் குச்சிகளின் நிழலும் கண்ணை உறுத்தின. திரும்பும்போது கேட்டேன். “சார், குப்பை அள்ளும்போது எடுத்த படம் அவங்க போன்லயே நூறு இருக்கும். வர்றவன் போறவன் எல்லாம் எடுப்பான். அத அவங்க வூட்ல மாட்ட மாட்டாங்க” என்றார்.

போர்டு வீட்டுச் சுவரில் என்ன மாட்டுவார்கள்? அதைப் பார்க்கத்தான் மாடி ஏறினோம். பொது நடையின் இரண்டு பக்கமும் வீடுகள். கொடியில் துணி, வாசலில் குடங்கள், மடக்கி வைத்த கட்டில். அந்த நடைதான் இவருடைய ஸ்டூடியோ. காலை பத்து மணிவாக்கில் வெயில் எதிர் பிளாக்கின் சுவரில் விழும். அங்கிருந்து திரும்பி வரும் வெளிச்சம் நடைக்குள் மெத்தென்று பரவும். முகத்தில் நிழல் வெட்டாது. குடையும் விளக்கும் வைத்து மண்டபத்தில் வரவழைக்கும் வெளிச்சத்தை எதிர்ச் சுவர் இனாமாகக் கொடுக்கிறது என்றார். பின்னால் கட்ட நீல நிறப் பழைய பெட்ஷீட் ஒன்று. செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிக்கான், 50 எம்எம் லென்ஸ், ஒரு முக்காலி, ஒரு நோட்டுப் புத்தகம். அவ்வளவுதான் கடை.

முதலில் வந்த ஆயாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அரக்குப் பட்டு, நெற்றியில் விபூதி, காதில் கவரிங் தோடு. எதற்குப் படம் என்று கேட்டேன்.

“நான் பூட்டா வெக்கறதுக்குத்தான். எங்க வூட்டுக்காரரு போனப்போ படமே இல்ல. ஆதார்ல கீற மூஞ்சிய பெர்சு பண்ணி வெச்சானுங்க. போலீஸ் புட்சிக்கினு வந்த திருடன் மாரி கீறாரு. தெனம் அதுக்குத்தான் வெளக்கேத்துறேன்.”

நடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், ஆயாவும்தான். ஆனால் அது சிரிப்புக்குச் சொன்னதில்லை. செல்போன் வந்தபின் படத்துக்குப் பஞ்சமில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போன் உடைந்தால், அடகுக்குப் போனால், மெமரி கார்டு கெட்டால் அத்தனையும் போச்சு. சாவு வீட்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வருகிறவன் ஒரு முகம் கேட்கும்போதுதான் தெரியும்: யாரோ ஒருவர் கல்யாணத்தில் பந்திக்குப் பின்னால் நின்றவரை வெட்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆதார் அட்டை.

தம்பி ஆயாவை நேராக உட்கார வைத்தார். கேன்டிட் என்ற பேச்சே இல்லை. “ஆயா, தாத்தாகிட்ட சண்ட போடும்போது எப்டி மொறப்ப, அப்டி பாரு” என்றதும் முகம் இறுக்கம் விட்டது. நாலைந்து கிளிக்தான். நோட்டில் பெயர், பிளாக், வீட்டு எண், எத்தனை காப்பி என்று எழுதினார். பக்கத்திலேயே சின்னக் குறிப்பு: “வெளியே காட்டலாம்” அல்லது “காட்டக் கூடாது”. ஆயா காட்டக் கூடாது என்றார். செத்த பிறகு காட்டிக்கொள் என்றார்.

அடுத்து வந்த அக்கா காலையில் டீக்கடையில் பார்த்தவர்தான். புடவை மாற்றி, தலைக்குக் குளித்து, பூ வைத்து வந்திருந்தார். “கொஞ்சம் கலரா வர மாரி எட்றா” என்றார். இங்கேதான் தொழில் நுணுக்கம் வருகிறது. கேமரா எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்குப் போடும். கறுத்த முகம், பளீரென்ற புடவை என்றால் புடவையைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். லேபுக்குப் போனால் நேரெதிர்: அங்கே ஆட்டோவில் போட்டு எல்லாரையும் சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பார்கள். தம்பி முகத்தில் மட்டும் வெளிச்சம் அளந்து எடுக்கிறார். லேப்காரரிடம் “ஆட்டோ போடாதீங்கண்ணா” என்று கவர்மேலேயே எழுதிக் கொடுக்கிறார். அக்கா கேட்ட ‘கலர்’ கிடைத்ததா என்றால், பாதி. “உன் கலர்தாங்க்கா இது, பளிச்னு கீது பாரு” என்று திரையைக் காட்டினார். அக்கா முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தோன்றவில்லை. படம் அவர் வீட்டுச் சுவருக்கு, என் வீட்டுக்கு அல்ல.

தம்பி இந்த வேலைக்கு வந்தது வெள்ளத்தால். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசு சொன்ன கணக்கு. கோட்டூர்புரத்தில் தரைத்தளம் மூழ்கியது. படகில் வந்து ஆட்களை இறக்கினார்கள். வடிந்தபிறகு ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் தேடியவர்கள், அடுத்தபடி தேடியது கல்யாண ஆல்பம். தம்பியின் பெற்றோர் ஆல்பமும் சேறாக இருந்தது. படத்தாளின் மேலிருக்கும் ஜெலட்டின் நனைந்தால் கூழாகி, எதிர்ப் பக்கத்துப் படத்தோடும் பிளாஸ்டிக் உறையோடும் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு வெயிலில் வைத்துப் பிரித்தால் முகம் முகத்தோடு பிய்ந்து வந்துவிடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறப் போட்டு, மெல்ல விலக்கி, படம் மேலே பார்க்க நிழலில் காயவைக்க வேண்டும். அது தெரியாமல் முக்கால்வாசி வீடுகளில் படங்கள் போய்விட்டன என்றார். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் யமமோடோ ஊரில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து லட்சக்கணக்கான படங்களை எடுத்து, கழுவி, எண் போட்டு, உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்த கதையைச் சொன்னேன். “நமக்கு எண் போட ஆளே இல்லையே சார். ஆத்தோரத்துல இருந்தவங்கள பெரும்பாக்கத்துக்கு அனுப்பிட்டாங்க. படம் கெடச்சாலும் யார்கிட்ட குடுப்ப?” என்றார்.

குப்பை அள்ளுவதைத் தம்பி எடுப்பதில்லை. அதற்காகக் கஷ்டத்தைப் படம் எடுக்கவே கூடாது என்று சொன்னால் அது வேறு வகை ஏமாற்று. கையால் மலம் அள்ள வைப்பதை 1993லும், பாதுகாப்பின்றி மலக்குழியில் மனிதனை இறக்குவதை 2013லும் வந்த சட்டங்கள் தடுத்தும் சாவு நிற்கவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. எங்கள் ஊரில் அப்படி யாரும் இறங்குவதில்லை என்று அதிகாரிகள் கையெழுத்துப் போடும் நாட்டில், இறங்கினார் என்று காட்டும் படம் சாட்சி. மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனான எம்.பழனிக்குமார் அந்தச் சாட்சியைப் பல ஆண்டுகளாகச் சேர்க்கிறார். 2017இல் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். பாரி இணைய இதழுக்காக ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களோடு நீருக்குள் இறங்கிப் படம் எடுத்தவர். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றார். ஆனால் எனக்கு அவர் வேலையில் பெரிதாகப் படுவது வேறு: தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் கையிலும் மீனவப் பெண்கள் கையிலும் கேமராவைக் கொடுத்துவிட்டு விலகி நிற்கிறார். அவர்கள் எடுப்பதில் அழுகை குறைவு. அம்மா தூங்குவது, தம்பி பம்பரம் விடுவது, வீட்டு விளக்கு. வெளியாள் எடுக்கத் தோன்றாதவை.

எனக்கு ஒவ்வாதது தொண்டு நிறுவன ஆண்டறிக்கைகளின் அட்டைப் படம். மூக்கொழுகும் குழந்தை, கண்ணில் கேமராவின் வெளிச்சம், கீழே நன்கொடைக்கு வங்கிக் கணக்கு எண். அந்தக் குழந்தை வளர்ந்து வேலை தேடும்போது அந்தப் படத்தை யாராவது காட்டினால் என்ன சொல்லும்? தம்பியிடமும் ஒரு நிறுவனம் கேட்டிருக்கிறது, “கொஞ்சம் வறுமை தெரியிற மாதிரி”. அவர் நீலப் பெட்ஷீட் படங்களை அனுப்பினார். மறுபடி அழைக்கவில்லை.

சில நாள் கழித்துப் பிரிண்ட் கொடுக்கப் போனபோது கூடவே போனேன். மேக்ஸி சைஸ் ஒன்று, பெரியதாக லேமினேஷன் போட்டது ஒன்று. மேக்ஸிக்கு ஆகும் செலவு டீக் காசுதான். லேமினேஷன்தான் கையைக் கடிக்கிறது. போன கல்யாணக் காசில் போட்டேன் என்றார். ஒவ்வொரு வீட்டிலும் படத்தை வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். பெயரும் தேதியும் பால்பாயின்ட் பேனாவில் இருந்தன. ஒரு வீட்டில் நாற்பது வயதுக்காரர் வாங்க மறுத்தார். அவர் மனைவி எடுத்துக்கொண்ட படம் அது. தனக்குச் சொல்லாமல் ஏன் எடுத்தாய் என்று சண்டை. தம்பி வாதாடவில்லை. அந்த அம்மா வெளியே வந்து வாங்கி, மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

ஆயா தன் படத்தை வெகுநேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

“தோடு தெரியலயே.”

“தெரியுதே ஆயா, இதோ.”

“ஒரு காது தெரியுது. இன்னொன்னு?”

“நீ கொஞ்சம் திரும்பினு இருந்த.”

“அப்ப திரும்ப எடு. செத்தவ ஒத்தக் காதோட போனாளான்னு கேப்பாளுங்க.”

ஆவணி பிறந்தால் முகூர்த்தம் ஆரம்பம். தம்பி நோட்டைப் புரட்டிப் பார்த்து, வெள்ளிக்கிழமை பத்து மணி என்று எழுதினார். வெள்ளிக்கிழமை தான் கோயிலுக்குப் போக வேண்டும், சனிக்கிழமை வை என்றார் ஆயா. சனிக்கிழமை இவருக்கு ஒரு வளைகாப்பு. கடைசியில் ஞாயிறு என்று முடிவானது. கூடவே ஆயாவின் வீட்டுக்காரருடைய ஆதார் படத்தையும் கொண்டு வரச் சொன்னார் தம்பி. அந்த மூஞ்சியை ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க.