கொப்பி நிறைய எழுத்து

2023 ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு நாள், பாடசாலை அதிபர் ஒருவர் என்னிடம் ஒரு பட்டியலைத் தந்தார். அடிக்கடி வராத பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருந்தன. அவர்களுடைய வீடுகளுக்குச் சென்று காரணத்தை அறிந்து படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. சமூகவியலில் பட்டம் பெற்று, பத்து வருடமாகச் சமூகப் பணியில் இருப்பவள் நான். படிவம் நிரப்புவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தால் நான் செய்த ஒரு பிழையையும், பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி அதன்மூலம் நான் கற்றுக்கொண்டதையும் தாய்மாராகிய உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

பாடசாலை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ளது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அந்தப் பக்கத்து மக்கள் பலர் ‘பாதை’ என்று சொல்லப்படும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். வேளாண்மையும் மாடு வளர்ப்பும்தான் அங்கே பெரும்பாலானோரின் சீவியம். பட்டியலில் முதலாவதாக இருந்தது நான்காம் தரத்துப் பையன் ஒருவனின் பெயர். அவனை இங்கே சின்னவன் என்று சொல்கிறேன்.

நான் போனபோது தாய் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். “வாங்க மிஸ்” என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். தகப்பன் கொழும்பில் மேசன் வேலை. சின்னவன் எங்கே என்று கேட்டேன்.

“அம்மப்பாவோட மாட்டுக்குப் போயிட்டான் மிஸ். நான் போகச் சொல்லல்ல. காலம்பற வயிறு வலிக்குது எண்டான். பிறகு பார்த்தா அவரோட போயிட்டான்.”

இதில் ‘மாட்டுக்குப் போயிட்டான்’ என்பது மட்டுமே என் காதில் விழுந்தது. காரணம் என்ற கட்டத்தில், “தாயின் கவனக்குறைவு. பிள்ளை மாடு மேய்க்க அனுப்பப்படுகிறது” என்று எழுதி, கையெழுத்துக்காக நீட்டினேன். அவர் தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதில என்ன மிஸ் எழுதியிருக்கு?”

“தம்பி ஒழுங்காப் பள்ளிக்கு வரவேணும் எண்டு எழுதியிருக்கு” என்றேன்.

ஒரு படம் வரைவதைப் போல மெதுவாகத் தன் பெயரை எழுதித் தந்தார்.

புறப்படும் நேரத்தில் சின்னவன் வந்துவிட்டான். தாய் பெருமையோடு அவனுடைய தமிழ்க் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். அழகான எழுத்து. கோடு தாண்டாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். ஆசிரியையின் சிவப்புச் சரி அடையாளம் எல்லாப் பக்கத்திலும் இருந்தது. எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. “இதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க” என்று நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தேன்.

அவன் வாசிக்கவில்லை. முதற் பக்கத்தைத் தானே திருப்பி, முதலாம் பாடத்தை மளமளவென்று சொன்னான். அவனுடைய கண் எழுத்தில் இருக்கவில்லை. நான் மீண்டும் நடுப்பக்கத்தைக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டான். கரும்பலகையில் இருந்ததைக் கோடு கோடாகப் பார்த்து இறக்கியிருக்கிறான். தன் கையால் எழுதிய ஒரு சொல்லைக்கூட அவனால் வாசிக்க முடியவில்லை. தாய் என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் அன்றுதான் தெரியும்.

மறுநாள் வகுப்பாசிரியையோடு உட்கார்ந்து இடாப்பைப் புரட்டினோம். சின்னவன் வராத நாட்களில் அனேகமானவை திங்களும் புதனும். அந்த இரண்டு நாட்களில்தான் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்வது அந்த வகுப்பின் வழக்கம். ஆசிரியை சற்று நேரம் பேசாமல் இருந்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. மாட்டுக்குப் போவதால் அவனுக்கு வாசிக்கத் தெரியாமற் போகவில்லை. வாசிக்கத் தெரியாததால்தான் அவன் மாட்டுக்குப் போனான். நான் காரணத்தைத் தலைகீழாக எழுதியிருந்தேன்.

“தங்கச்சி, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பாடத்திட்டத்தையும் முடிக்கவேணும். அடுத்த வருஷம் புலமைப்பரிசில். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறது எனக்கும் தெரியும். எங்க நேரம்?” என்றார் ஆசிரியை. அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

இந்தப் பிள்ளைகள் முதலாம் தரத்தில் சேர்ந்தது 2020 ஜனவரியில். மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. எழுத்துப் பழகவேண்டிய மாதங்கள் வீட்டில் கழிந்தன. தொலைபேசியில் பாடம் அனுப்பினார்கள் என்றாலும், அந்த வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி தகப்பனோடு கொழும்பில் இருந்தது. 2022 இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது கொப்பியின் விலையும் ஏறியது. பிள்ளையோ ஒவ்வொரு வருடமும் வகுப்பு ஏறிக்கொண்டே இருந்தான். இலவசப் பாடநூலும் அந்தந்த வகுப்புக்கு உரியதாகவே கையில் கிடைத்தது. 1998 முதல் நம் நாட்டில் 5 வயதிலிருந்து 14 வயது வரையும், 2016 இன் ஒழுங்குவிதியின்படி 16 வயது வரையும் கட்டாயக் கல்வி. ஆகையால் வரவைப் பற்றி நாம் கேட்கிறோம். வந்த பிள்ளை வாசிக்கிறதா என்ற கேள்வி என்னுடைய படிவத்தில் இருக்கவே இல்லை.

அந்தக் கிழமையின் இறுதியில் மீண்டும் போனேன். சின்னவன் என்னைப் பட்டிக்குக் கூட்டிச் சென்றான். மாடுகள் கலந்து நின்றன. எது உங்களுடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, மாட்டின் தொடையில் சுட்டிருந்த குறியைக் காட்டினான். ஒரு தடியை எடுத்து, “இது எங்கட, இது பெரியப்பாட, இது கடைக்காரர்ட” என்று மணலில் ஒவ்வொரு குறியாகக் கீறினான். அவற்றில் சில தமிழ் எழுத்துகள். பெயர் தெரியாமலே அவன் அவற்றை வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு குறி ஓர் ஆளைச் சொல்லும் என்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு நூல் எனக்கு நினைவுக்கு வந்தது. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வோர்னர் 1963 இல் வெளியிட்ட ‘டீச்சர்’ என்ற நூல் அது. உனக்கு என்ன சொல் வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்டு, அதை ஒரு மட்டையில் எழுதிக் கையில் கொடுத்து வாசிப்பைத் தொடங்கியவர் அவர். பிள்ளையின் மனதுக்கு நெருக்கமான சொல் பிள்ளைக்கு மறக்காது என்பது அவருடைய அனுபவம்.

ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். காலையில் முதற் பாடவேளையில் இருபது நிமிடம் ஒதுக்க அவர் சம்மதித்தார். அதிபரும் மறுக்கவில்லை. எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வதை அன்றோடு விட்டார். அதற்குப் பதிலாக இரண்டிரண்டு பிள்ளைகள் பக்கத்தில் இருந்து, ஒருவருக்கொருவர் மெதுவாக வாசித்தார்கள். பிஸ்கட் பெட்டிகளை வெட்டி மட்டைகள் செய்தோம்.

சின்னவன் கேட்ட முதற் சொல் ‘சுட்டி’. நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள அவனுடைய பசுவின் பெயர். அதை எழுதிக் கொடுத்தோம். சில நாட்களில் முதல் எழுத்தை மாற்றிச் சட்டி, குட்டி, முட்டி என்று எழுதினோம். ஒவ்வொன்றையும் அவன் தானே கண்டுபிடித்தான். தமிழில் 247 எழுத்து என்று நாம் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். உண்மையில் 12 உயிரும் 18 மெய்யும் அவை சேரும் முறையும் பிடிபட்டால் அனேகமானவை தாமாக வரும். அரிச்சுவடியை வரிசையாகப் பாடமாக்கிய பிள்ளைக்கு அந்த வரிசை மட்டுமே தெரியும். நடுவில் ஒன்றைத் தொட்டுக் கேட்டால் தடுமாறும்.

‘பெட்டி’யில் அவன் நின்றுவிட்டான். ‘பெ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலியில் ‘ப்’ முதலில் வருகிறது, ‘எ’ பிறகுதான் வருகிறது. கண் போகும் வழியும் வாய் போகும் வழியும் வேறு. ‘பொ’வில் இன்னும் சிரமம், குறி இரு பக்கமும் நிற்கிறது. இதைப் பொறுமையாக விளக்காமல் “எத்தனை தரம் சொல்றது?” என்று ஏசினால் பிள்ளை வாயைத் திறக்காது. அந்த ஓர் எழுத்து வரிசைக்கே இரண்டு கிழமை எடுத்தோம்.

இன்னொரு தடையும் இருந்தது. பிள்ளை வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் உள்ளது வேறொரு தமிழ். அதனால் முதலில் பிள்ளைகள் சொன்னபடியே, “சுட்டி பால் குடுக்குது” என்று கரும்பலகையில் எழுதினார் ஆசிரியை. அதை வாசித்த பிறகு, “புத்தகத்தில் இதை எப்படிச் சொல்லும்?” என்று கேட்டு, “சுட்டி பால் தருகிறது” என்று அதன் கீழே எழுதினார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இரண்டையும் வாசித்தார்கள்.

வாசிப்பில் பின்தங்கிய ஏழு பிள்ளைகளில் ஒரு பெண்பிள்ளைக்குக் கண் பார்வைதான் பிரச்சினை என்று பிறகு தெரிந்தது. மூக்குக்கண்ணாடி போட்டதும் பாதித் தடை நீங்கியது. இரண்டு பேருக்கு எங்கள் முயற்சி போதவில்லை. அவர்களுக்கு இன்னும் விசேட கவனிப்புத் தேவைப்படுகிறது.

வெள்ளிக்கிழமைகளில் தாய்மாரை வகுப்புக்கு வரச் சொன்னோம். எழுத்துத் தெரியாத தாய்மார்தான் முதலில் தயங்கினார்கள். வாசிக்க வேண்டாம், ஒரு கதை மட்டும் சொல்லுங்கள் என்றோம். சின்னவனின் தாய், தான் சிறுபிள்ளையாக இருந்தபோது வெள்ளக் காலத்தில் ‘பாதை’யில் வாவியைக் கடந்த கதையைச் சொன்னார். ஆசிரியை அதை ஆறு வரியில் எழுத, பிள்ளைகள் வாசித்தார்கள். சின்னவன் இரண்டு வரி வாசித்தான். தாய் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதைப் பார்த்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நவம்பரில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், அந்தப் படிவத்தின் பிரதியோடு அவர் வீட்டுக்குப் போனேன். அன்று எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

“கவனக்குறைவு எண்டா பார்க்காம விடுறதுதானே மிஸ்?”

“ஓம்.”

சற்று நேரம் அவர் பேசவில்லை. “அண்டைக்கே வாசிச்சுக் காட்டியிருந்தா நான் கையெழுத்து வச்சிருக்க மாட்டன்” என்றார்.

எனக்குப் பதில் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். முன்னர் எழுதிய காரணம் பிழை, பிள்ளைக்கு வாசிப்பில் உதவி தேவைப்பட்டது, தாயிடம் குறை இல்லை என்று ஒரு திருத்தக் கடிதம் எழுதி நீட்டினேன். அவர் அதை என்னிடம் வாசிக்கச் சொல்லவில்லை. மகனைக் கூப்பிட்டார். என் கூட்டெழுத்து அவனுக்கு விளங்கவில்லை. “தம்பிக்கு விளங்குற மாதிரி எழுதித் தாங்க மிஸ்” என்றார். புத்தகத்தில் உள்ளதைப் போல் பெரிய எழுத்தில் மீண்டும் எழுதினேன். அவன் எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதையும் வாசித்து முடித்த பின்னர்தான் அவர் பேனையை வாங்கினார். அன்றிலிருந்து எந்தத் தாளையும் முழுமையாக வாசித்துக் காட்டாமல் நான் யாரிடமும் கையெழுத்துக் கேட்பதில்லை.

2024 செப்டெம்பரில் சின்னவன் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினான். வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. ஆனால் வினாத்தாளைத் தானே வாசித்தான். வயிற்றுவலி சொல்லி நின்றுவிடவில்லை. அந்த ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். இப்போது கமநல சேவை நிலையத்தின் அறிவித்தல் வந்தால் அம்மப்பாவுக்கு வாசித்துச் சொல்வது அவன்தான் என்று தாய் சொன்னார்.

தாய்மாரே, இன்றிரவு வேலை முடிந்ததும் பிள்ளையின் கொப்பியை எடுங்கள். அழகான எழுத்தையும் சிவப்புச் சரியையும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாடநூலில் என்றால் படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளையின் கண் எழுத்தில் ஓடுகிறதா, கூரையைப் பார்க்கிறதா என்பது உங்களுக்குத் தெரியும். தடுமாறினால் ஏசாதீர்கள், அடிக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். மறுநாள் வகுப்பாசிரியரிடம் போய், “என்ட பிள்ளைக்கு வாசிக்க வரல்ல, என்ன செய்வம்?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கம் இல்லை. பிள்ளை தனியே ஒளித்து வைத்திருக்கும் வெட்கத்தை விட அது எவ்வளவோ சிறியது.